பழைய ஆம்ப்ளிஃபையரின் இதமும் வயதும்

கேள்வி: 1980களில் உயர்தரம் என்று பெயர் வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் ஒன்றை இன்றும் பயன்படுத்துகிறேன். அதன் ஒலியில் தனி இதம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. எடையில் அதன் கால்பங்குகூட இல்லாத புதிய கிளாஸ் டி (மின்சாரத்தை அதிவேகமாக விட்டுவிட்டுச் செலுத்தி இயங்கும் வகை) ஆம்ப்ளிஃபையரே மேல் என்கிறான் மகன். எது உண்மை?

பதில்: தாங்கள் கேட்கும் இதத்தில் வடிவமைத்தவர் தந்தது எவ்வளவு, வயது தந்தது எவ்வளவு என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். மின்வழங்கியில் மின்னேற்றத்தைச் சேமித்துவைக்கும் பெரிய எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களின் உள்ளே இருக்கும் திரவம் ஆண்டுகள் செல்லச் செல்ல வறண்டுவிடும்; அப்போது தாழ்சுருதி தளர்ந்து, பின்னணியில் ஒரு முனகல் எழும். வேலை செய்யும் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் இவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடுவதால், பாட்டு இல்லாதபோதும் மின்சாரம் பாய்ந்து எந்நேரமும் கொதிக்கும் கிளாஸ் ஏ வகையே முதலில் தளரும். பாட்டை நிறுத்திவிட்டு, அந்த முனகல் கேட்கிறதா என்று ஸ்பீக்கரருகே காதை வைத்துப் பாருங்கள். வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரக்கிறதா என்றும் கவனியுங்கள்.

திரிபு (மூல ஒலியில் ஆம்ப்ளிஃபையர் சேர்க்கும் மாற்றம்) அளவில் புதியவையே முன்னிற்கும் என்றாலும், அந்தப் பந்தயம் எப்போதோ முடிந்துவிட்டது என்பது என் கருத்து. 1961இல் வந்த மெக்கின்டாஷ் எம்சி275 வால்வு ஆம்ப்ளிஃபையருக்கு 75 வாட்டில் திரிபு 0.5 சதவீதம் என்று குறித்தார்கள். 1975இல் வந்த குவாட் 405, 100 வாட்டில் அதை 0.01 சதவீத அளவுக்குக் கொண்டுவந்தது. அதற்கும் கீழே போவதைக் கருவி காட்டும், காது காட்டாது. கிளாஸ் டியின் உண்மையான வெற்றி வேறு: உள்வாங்கும் மின்சாரத்தில் சுமார் 90 சதவீதத்தை ஸ்பீக்கருக்கே தந்துவிடுகிறது. தொடக்ககால கிளாஸ் டியில் இணைக்கும் ஸ்பீக்கருக்கேற்ப உச்சசுருதி மாறியது. வெளியீட்டு வடிகட்டிக்குப் பின்னிருந்து பின்னூட்டம் எடுக்கும் (அதாவது, ஸ்பீக்கருக்குப் போவதையே திரும்பப் பார்த்துத் திருத்திக்கொள்ளும்) இன்றைய நல்ல வடிவமைப்புகளில் அக்குறை ஏறத்தாழ இல்லை.

இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்பதானால், 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டர் காட்டும் வோல்டேஜை ஒரு சதவீத வேறுபாட்டுக்குள் சமப்படுத்துங்கள். சற்றே உரக்கப் பாடுவது எப்போதும் நன்றாகப் பாடுவதாகவே தோன்றும். மகனோடு வாதம் அங்கேதான் தொடங்கியிருக்கக்கூடும்.

விற்க நான் சொல்லமாட்டேன். சுற்று வரைபடம் கிடைக்கிற, பாகங்களைத் தனித்தனியே கழற்றி மாற்ற இடம்தருகிற பழைய பலகையைச் சீரமைக்கலாம். புதியதில் பெரும்பாலும் முழுப் பலகையையே மாற்ற வேண்டிவரும். கெப்பாசிட்டர்களை மாற்றச் சொல்லுங்கள், ஆனால் நன்றாயிருக்கும் வெளியீட்டு டிரான்சிஸ்டர்களைத் தொடவேண்டாம். உற்பத்தி நிறுத்தப்பட்ட பழைய டிரான்சிஸ்டர் எண்களின் பெயரில் போலிகள் உலவுகின்றன. மூடியைத் தாங்களே திறக்காதீர்கள்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.