புருவ நடுவில் இரண்டு கோடு: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

உங்கள் கதைகளைப் பல வருடமாகப் படிக்கிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. அதுவும் இப்படியொரு விஷயத்துக்காக எழுதுவது கூச்சமாக இருக்கிறது. பெயர் போட வேண்டாம்.

எனக்கு 52 வயது. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம். கணக்கு முழுக்க நான்தான் பார்க்கிறேன். வாரக் கடைசியில் ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் காபித் தோட்டத்துக்குப் போய்விடுவோம். மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு முகம் சடாரென்று இறங்கிவிட்டது போலத் தெரிகிறது. புருவ நடுவில் இரண்டு கோடு விழுந்துவிட்டது. கடைக்கு வருகிறவர்கள், பட்டறைக்காரர்கள், எல்லாரும் "ஏங்க்கா கோவமா இருக்கீங்க?" என்கிறார்கள். எனக்கு ஒரு கோபமும் இருக்காது. நோட்டைத் தள்ளிப் பிடித்துப் படித்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான்.

தை கடைசியில் மகளுக்குக் கல்யாணம். சுருக்கம் போக போடாக்ஸ் ஊசி போட்டுக்கொள்ளம்மா என்று ஆரம்பித்ததே அவள்தான். ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு கிளினிக்கில் போய்க் கேட்டோம். டாக்டரைப் பார்க்கவில்லை, கவுன்சிலர் என்று ஒரு பெண் பேசினாள். கல்யாணப் பெண்ணின் அம்மாவுக்கென்றே ஒரு பேக்கேஜ் இருக்கிறதாம். நெற்றிக்கு ஊசி, கண்ணுக்குக் கீழேயும் மூக்கோரத்திலும் பள்ளத்தை நிரப்பும் ஃபில்லர், எல்லாம் சேர்த்து 60 ஆயிரம். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் வந்தால் போதும் என்றாள். கன்னத்து மங்குக்கு நான் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் பூசும் க்ரீமை நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னாள்.

வீட்டுக்காரர், "இந்த வயசுல யார் பாக்கப்போறாங்க" என்று சிரிக்கிறார். அவர் மாதம் தவறாமல் டை அடிக்கிறார். எனக்கு ஆசையாகவும் இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது. உங்கள் கதையில் வரும் பெண்கள் யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள் என்று தோன்றுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அன்புடன்,
ஒரு வாசகி, சேலம்

* * *

அன்புள்ள தங்கைக்கு,

என் கதைப் பெண்கள் செய்யமாட்டார்கள்தான். அவர்கள் கையில் 60 ஆயிரம் இருந்ததே இல்லை. அதைப் போய் ஒரு கொள்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சுருக்கம்தான் அழகு, நரைதான் கம்பீரம் என்று நான் இங்கே எழுதினால் நாலு பேர் கைதட்டுவார்கள். எழுதுகிறவளுக்கு அதில் ஒரு பைசா செலவில்லை. நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்து "கோவமா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லப்போவது நீங்கள். உங்கள் வீட்டுக்காரர் டை அடிக்கலாமா என்று எந்த எழுத்தாளருக்கும் கடிதம் போட்டிருக்கமாட்டார். வெட்கத்தை அந்தக் கணக்கிலேயே எழுதித் தள்ளிவிடுங்கள். மிச்சமிருப்பது மருந்து, தசை, பணம், தேதி. இவற்றைப் பற்றி மட்டும்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

போடாக்ஸை நானே போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒற்றைத் தலைவலிக்காக. மாதத்தில் பாதி நாள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்த காலம் அது. மாத்திரைகள் கேட்காமல் போனதும் நரம்பு டாக்டர் இதைச் சொன்னார். நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு இந்த ஊசியை அமெரிக்க மருந்துத் துறை 2010இல் அனுமதித்தது. நெற்றி, நெற்றிப்பொட்டு, பின்மண்டை, கழுத்து, தோள் என்று 31 இடங்களில் மொத்தம் 155 யூனிட். அதில் 35 யூனிட் நெற்றிக்கும் புருவ நடுவுக்கும் போகிறது. அழகுக்காகப் போடும்போது புருவ நடுவில் மட்டும் ஐந்து இடங்களில் 20 யூனிட் போடுவது வழக்கம். ஆக, வலிக்கென்று போன நான் வழுவழு நெற்றியோடு திரும்பினேன்.

வலி குறைந்தது. பார்த்தவர்களெல்லாம் என்ன பூசுகிறாய் என்று கேட்டார்கள், எனக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் ஒரு நாள் அம்மா தெருவில் நடந்த ஒரு சாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர், பாதியில் நிறுத்தி, "கேக்கறயா இல்லயா நீ?" என்றார். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நான் கேட்பது என் நெற்றியில் தெரியவில்லை. அடுத்த முறை டாக்டரிடம் சொன்னேன். வலிக்கான முறையில் அளவை அதிகம் மாற்ற முடியாது என்றார். அழகுக்குப் போடும் உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. புருவ நடுவுக்கு மட்டும் போதும், மேல்நெற்றி அசையட்டும், குறைந்த அளவிலிருந்து தொடங்குங்கள் என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஒரு பேரத்தில் புருவத்தை உயர்த்த முடியாத வியாபாரியைச் செவ்வாய்ப்பேட்டையில் யார் மதிப்பார்கள்?

மாதவிலக்கு நின்றபின் பலருக்கு நடப்பதுபோல எனக்கும் தலைவலி தணிந்தது. ஊசியையும் நிறுத்தினேன். கோடுகள் பழைய இடத்துக்குப் பழைய ஆழத்தில் வந்து சேர்ந்தன. ஒரு முறை போட்டால் விட முடியாது, விட்டால் முகம் தொங்கிவிடும் என்று பார்லரில் சொல்வார்கள். அப்படி எதுவும் இல்லை.

அது என்ன செய்கிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். தசையைச் சுருங்கச் சொல்லி நரம்பு நுனி அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை விடுகிறது. மருந்து அந்த விடுவிப்பைத் தடுக்கிறது. தசை ஓய்கிறது, அதன் மேலிருக்கும் தோல் மடிவதில்லை. மூன்று நான்கு நாளில் தெரிய ஆரம்பித்து, இரண்டு வாரத்தில் முழுப் பலன் வந்து, மூன்று நான்கு மாதத்தில் போய்விடும். மூலப்பொருள் கொடிய விஷம்தான். கெட்டுப்போன தொத்திறைச்சி தின்று செத்தவர்களைப் பற்றி 1820களில் விரிவாக எழுதிய ஜெர்மானிய மருத்துவர் யூஸ்டினுஸ் கெர்னர், அந்த விஷத்தைத் தானே சாப்பிட்டுப் பார்த்தவர். (அவர் கவிஞரும்கூட. கவிஞர்கள் எதைத்தான் விட்டுவைத்தார்கள்.) நூற்றைம்பது வருடம் கழித்து அதே விஷத்தை மிக நுண்ணிய அளவில் மாறுகண்ணுக்குப் பயன்படுத்தினார்கள், 1989இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கனடாவின் வான்கூவரில் கண் மருத்துவர் ஜீன் கரூதர்ஸ், கண் இமை துடிப்புக்கு இந்த ஊசி போட்டுக்கொண்ட ஒருவரின் புருவ நடுக் கோடு மறைந்ததைக் கவனித்தார். தோல் மருத்துவரான கணவர் அலஸ்டேரோடு சேர்ந்து 1992இல் அதைக் கட்டுரையாக்கினார். அழகுக்கான அமெரிக்க அனுமதி 2002இல் வந்தது, அதுவும் முதலில் புருவ நடுவுக்குத்தான். உங்கள் இரண்டு கோடும் இந்த ஊசிக்கு நன்கு பழகிய இடத்தில்தான் இருக்கின்றன.

ஆனாலும் முதலில் கண்ணாடி முன்னால் முகத்தை முழுசாகத் தளர்த்திக்கொண்டு பாருங்கள். முறைக்கும்போது மட்டும் வரும் கோடு ஊசியில் போகும். சும்மா இருக்கும்போதும் பள்ளமாகத் தெரிகிற கோடு மெலியும், அழியாது. இதைக் கவுன்சிலர் சொல்லியிருக்கமாட்டார்.

இன்னொன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நோட்டைத் தள்ளிப் பிடித்துப் படிக்கிறேன் என்கிறீர்கள். 52 வயதில் அதற்கு வெள்ளெழுத்து என்று பெயர். படிக்கிற கண்ணாடி போட்டால் வயதாகிவிட்டது போலத் தெரியும் என்று தள்ளிப்போடுகிறீர்கள் என ஊகிக்கிறேன். கண்ணாடி இல்லாமல் நாள் முழுக்கப் புருவத்தைச் சுருக்கினால் கோடு விழாமல் என்ன செய்யும்? ஊசி போட்டபிறகும் அதே கணக்கு நோட்டுதானே. வெயிலும் அப்படித்தான். ஏற்காட்டில் குளிர்கிறது என்பதால் வெயில் இல்லை என்று நினைக்கிறோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் பத்து சதவீதம் போலக் கூடும். நாகலூரில் சில்வர் ஓக் நிழல் இருக்கிற இடத்தில் சரி, காபி உலர்த்தும் களத்தில் நிழல் ஏது? கூலிங் கிளாஸ் போடுங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், சொன்னால் சொல்லட்டும். ஆஸ்திரேலியாவின் நம்பூரில் பல நூறு பேரை வைத்து நாலரை வருடம் நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்குத் தோல் மூப்பு 24 சதவீதம் குறைவு. அவர்கள் வெள்ளைத்தோல்காரர்கள், நம் நிறத்துக்குச் சுருக்கம் தாமதமாகத்தான் வரும். நமக்கு வெயில் செய்கிற கெடுதல் பெரும்பாலும் மங்கு.

அந்த மங்கு க்ரீம் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது ஊசி அல்ல, அந்த ட்யூப். இப்போதே எடுத்துத் திருப்பிப் பாருங்கள். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் இவற்றோடு மோமெட்டசோன், ஃப்ளுவோசினோலோன் போன்ற பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்தது. டாக்டர் சில வாரத்துக்கு எழுதிக் கொடுக்கிற மருந்து அது. வருடக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், ரத்தக்குழாய் வெளியே தெரியும், முகத்தில் முடி முளைக்கும், வெயில் பட்டால் எரியும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றை மத்திய அரசு 2018இலேயே சேர்த்துவிட்டது. கடைகளில் கேட்டால் இன்னும் கொடுக்கிறார்கள். இரண்டு வருடத்தில் முகம் இறங்கிவிட்டது என்கிறீர்களே, அதில் மாதவிலக்கு நின்றதற்குப் பங்கு உண்டு. முதல் ஐந்து வருடத்தில் பெண்களின் தோல் தன்னைத் தாங்கி நிற்கும் கொலாஜன் என்ற புரதத்தில் முப்பது சதவீதம் வரை இழக்கிறது என்கிறார்கள். ஆனால் மெலிந்துபோன தோலில் இந்த ட்யூபின் பங்கு எவ்வளவு என்று ஒரு தோல் டாக்டர்தான் பார்த்துச் சொல்ல முடியும். சட்டென்று நிறுத்தவும் செய்யாதீர்கள், முகம் சிவந்து கொதிக்கும். ட்யூபையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். மோகன் குமாரமங்கலம் ஜி.எச்.சில் தோல் ஓ.பி.யில் இதே பிரச்னையோடு வருகிறவர்கள் ஏராளம், அங்கே காட்டினாலும் சரி. தொடரச் சொன்ன கவுன்சிலரின் யோசனையை மற்ற எதிலும் கேட்காமலிருக்க இது ஒன்றே போதும்.

ஃபில்லருக்கு என் பதில்: வேண்டாம். போடாக்ஸும் ஃபில்லரும் ஒரே பேக்கேஜில் வருவதால் ஒரே சாதி என்று நினைத்துவிடுகிறோம். போடாக்ஸ் தசையை ஓய வைக்கிறது. ஃபில்லர் தோலுக்கடியில் ஹயலுரானிக் அமிலக் கூழை நிரப்புகிறது. அந்தக் கூழ் தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் அந்த இடத்துத் தோல் கருகலாம், கண்ணுக்குப் போகும் குழாயை அடைத்தால் பார்வையே போகலாம். அரிதுதான். ஆனால் மூக்கும் அதைச் சுற்றிய இடங்களும் இதில் ஆபத்தானவை, உங்களுக்குச் சொன்னதும் மூக்கோரம்தான். கரைக்கிற மருந்து உண்டு, ஹயலுரானிடேஸ் என்பது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, அடைப்பை உடனே அடையாளம் காணத் தெரிந்தவர்தான் போட வேண்டும். ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம் நிற்கும் என்பார்கள். அதைத் தாண்டியும் பல வருடம் தங்கியிருப்பது ஸ்கேன்களில் தெரிந்திருக்கிறது. கண்ணுக்குக் கீழே சிலருக்கு வீங்கினாற்போல நின்றுவிடுகிறது. நீங்கள் கடிதத்தில் குறைப்பட்டது புருவக் கோட்டைப் பற்றித்தான். கண்ணும் மூக்கும் பேக்கேஜில் வந்தவை.

யாரிடம் போடுவது? தோல் மருத்துவத்தில் எம்.டி. அல்லது டிப்ளமோ, இல்லையென்றால் பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவர். தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள், நல்ல டாக்டர் முகம் சுளிக்கமாட்டார். பரிசோதித்துப் பேசுகிறவரும் ஊசி போடுகிறவரும் அவரேயாக இருக்கட்டும். குப்பியைப் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து உங்கள் கண்முன்னால் கலக்கச் சொல்லுங்கள், எத்தனை யூனிட் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். கொலுசு எடைபோடத் தெரிந்தவருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. தசை பலவீன நோய் ஏதாவது இருந்தாலும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிலருக்கு ஒரு பக்க இமை இறங்கிவிடும். சில வாரங்களில் தானாகச் சரியாகும், ஆனால் அந்தச் சில வாரத்துக்கு உடனடி வைத்தியம் என்று பெரிதாக எதுவும் இல்லை.

அதனால்தான் பத்து நாள் முன்னால் வந்தால் போதும் என்பதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. இறங்கிய இமையோடு சம்பந்தி வீட்டாரை வரவேற்று, ஆல்பம் முழுக்க அப்படியே நிற்பீர்கள். முதல் ஊசியை எந்த விசேஷத்துக்காகவும் போடக்கூடாது. ஆடியில் கண்ணாடி வாங்குங்கள், தோல் டாக்டரைப் பாருங்கள், க்ரீமுக்கு ஒரு முடிவு கட்டுங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால், டாக்டரும் சரி என்றால், ஆவணிக் கடைசியில் புருவ நடுவுக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். நவராத்திரிக்கு வருகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைவிட, கடையில் உங்களுக்கே எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். பிடித்திருந்தால் மார்கழி நடுவில் இன்னொரு முறை, கல்யாணத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். பிடிக்கவில்லை என்றால் தை பிறப்பதற்குள் அது தானாகப் போயிருக்கும், அந்த 60 ஆயிரத்தில் பெரும்பகுதி உங்களிடமே இருக்கும். மகளுக்கு என் வாழ்த்துகள்.

அன்புடன்,
அக்கா