இடுப்பு மூட்டு மாற்று: ரோபோவுக்கு ஒன்றரை லட்சம் கூடுதலாகத் தரலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது, மாற்று அறுவை சிகிச்சைதான் வழி என்கிறார்கள். ரோபோ உதவியுடன் செய்தால் ஒன்றரை லட்சம் ரூபாய் கூடுதலாகுமாம். அது அவசியமா?

பதில்: அம்மாவுக்கு முதுகெலும்பில் பெரிய பிரச்சினை எதுவும் இல்லை, இது முதல்முறை மாற்று என்றால் அவசியமில்லை. கடன் வாங்கியாவது கொடுக்க வேண்டும் என்று நினைத்தால், வேண்டவே வேண்டாம்.

ரோபோ தானாக ஆபரேஷன் செய்யாது. டாக்டர்தான் செய்கிறார். மேக்கோ போன்ற கருவியில் முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்து, இடுப்புக் குழியில் வைக்கும் செயற்கைக் கிண்ணத்தை எந்தக் கோணத்தில் பொருத்துவது என்று கணினியில் திட்டமிடுவார்கள். குழியைச் செதுக்கும்போது அந்தத் திட்டத்தைத் தாண்டாமல் ரோபோ கை பிடித்துக்கொள்ளும். கையால் வைப்பதைவிட இதில் கோணம் துல்லியமாக அமைகிறது. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் துல்லியமான கோணம் கிடைத்துவிட்டால் மூட்டு நழுவாது என்று சொல்லிவிட முடியாது. கிண்ணத்தின் சாய்வு 30 முதல் 50 டிகிரி, முன்பக்கத் திருப்பம் 5 முதல் 25 டிகிரி என்ற 'பாதுகாப்பான' அளவு 1978-இல் வகுக்கப்பட்டது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், நழுவிய மூட்டுகளில் 58 சதவீதம் இந்த அளவுக்குள்தான் இருந்தன. உட்காரும்போது இடுப்பெலும்பு எப்படிச் சாய்கிறது, தசைகள் எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கின்றன என்பதெல்லாமும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன.

இன்னொன்று, வழக்கமான முறையே ரொம்ப நன்றாக வேலை செய்கிறது. 2019-இல் லான்செட் இதழில் வந்த கணக்குப்படி, பொருத்திய மூட்டுகளில் சுமார் 58 சதவீதம் 25 ஆண்டுகள் உழைக்கின்றன. வலி, நடை போன்றவற்றை ஒப்பிட்ட ஆய்வுகளிலும் ரோபோவுக்குப் பெரிய சாதகம் தெரியவில்லை.

அப்புறம் அந்த ஒன்றரை லட்சம் எங்கே போகிறது? இயந்திரத்தின் விலையே கோடிகளில். அதற்குப் பராமரிப்பு, ஸ்கேன், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் உதிரிகள் எல்லாம் சேரும். நிறைய ஆபரேஷன் நடக்கும் இடத்தில் இந்தச் சுமை பலர்மேல் பரவும். புதிதாக வாங்கிவைத்து மாதம் நாலைந்து செய்யும் இடத்தில் மொத்தமும் உங்கள் பில்லில் ஏறும்.

விதிவிலக்கு உண்டு. முதுகெலும்பை இணைத்து ஸ்குரூ போட்டவர்களுக்கு நழுவும் ஆபத்து அதிகம். பிறவியிலேயே இடுப்புக் குழி சரியாக அமையாதவர்களுக்கு எலும்பின் அளவுகளே மாறியிருக்கும். இவர்களுக்கு நானே ரோபோவை யோசிப்பேன். அப்போதும், நழுவும் பயத்துக்கு 'டூயல் மொபிலிட்டி' கிண்ணம் (இரண்டு அடுக்காக அசைவதால் எளிதில் நழுவாத வகை) போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மற்றவர்கள் பார்க்க வேண்டியது டாக்டரைத்தான். ஆண்டுக்கு எத்தனை இடுப்பு மாற்று செய்கிறார், எந்த நிறுவனத்தின் மூட்டு வைக்கிறார், கிருமித்தொற்று எத்தனை பேருக்கு வந்தது என்று தயங்காமல் கேளுங்கள். எனக்குக் காசு இருந்தால் அனுபவசாலியான டாக்டருக்கும் நல்ல மூட்டுக்கும்தான் கொடுப்பேன்.

காப்பீடு இருந்தால் இன்னொரு விஷயம். ரோபோ சிகிச்சையை ஒதுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-இலேயே சொல்லிவிட்டது. ஆனால் அதற்கு உச்சவரம்பு வைக்க நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. உங்கள் பாலிசியில் அந்த வரம்பு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். மருத்துவமனையிடமும் ரோபோவுடன், ரோபோ இல்லாமல் என இரண்டு எஸ்டிமேட் தனித்தனியாகக் கேட்டு, அட்மிஷனுக்கு முன்பே ஒப்பிட்டுப் பாருங்கள்.