இந்தியக் கணித வரலாற்றை ஆராய்ந்தவர்களில் அதிகம் பேசப்படாதவர் என்று யாரைச் சொல்வீர்கள்?

டி.ஏ. சரஸ்வதி அம்மாவைத்தான் சொல்வேன். பள்ளியில் கணக்கு நடத்துகிற எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு.

1918இல் கேரளத்தின் செர்ப்புளச்சேரியில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்துப் பட்டம் பெற்றார். பிறகு பனாரஸ் போய் சமஸ்கிருதத்தில் எம்.ஏ. முடித்தார். இந்த இரண்டு படிப்பும் ஒருவரிடமே சேர்வது அபூர்வம். கணக்கு தெரிந்தவர்களுக்குப் பழைய உரைநூல்களைப் படிக்க வராது. உரை படிக்கத் தெரிந்த பண்டிதர்களோ கணக்குப் பகுதி வந்தால் தாண்டிப் போய்விடுவார்கள். 1957இல் சென்னைப் பல்கலைக்கழக சமஸ்கிருதத் துறைக்கு வந்து, சமஸ்கிருத அறிஞர் வி. ராகவன் வழிகாட்டலில் ஆய்வில் இறங்கினார்.

இந்தியர்களுக்கு எண்ணும் இயற்கணிதமும்தான் கைவந்தவை, வடிவியல் வராது, நிரூபணம் என்ற பழக்கமே அவர்களிடம் இல்லை என்ற பேச்சு அப்போது பலமாக இருந்தது. மூல சுலோகங்களை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். மனப்பாடம் செய்வதற்காகச் சுருக்கி எழுதியவை அவை. ஏன், எப்படி என்பதெல்லாம் உரைகளில்தான் இருக்கிறது. அங்கேதான் அவர் தேடினார்.

ஒரு உதாரணம். 1 முதல் 5 வரை கூட்ட வேண்டும். ஆரியபட்டரின் கணித, வானியல் நூலான ஆரியபடீயத்துக்கு பாஷ்யம், அதாவது உரை, எழுதிய கேரளக் கணிதர் நீலகண்ட சோமயாஜி இதைப் படமாகவே காட்டுகிறார். 1, 2, 3, 4, 5 கட்டம் நீளமுள்ள பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் படிக்கட்டு மாதிரி வரும். அதே மாதிரி இன்னொன்று செய்து தலைகீழாகத் திருப்பிச் சேர்த்தால் 5க்கு 6 செவ்வகம். 30 கட்டம், அதில் பாதி 15. இதோடு விடவில்லை. 1, 1+2, 1+2+3 என்று போனால் 1, 3, 6, 10, 15 வரும். அந்தக் கூட்டுத்தொகைகளையே மறுபடி கூட்ட, இதே வேலையைக் கனவடிவில் செய்கிறார். அந்தப் படிக்கட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஒரு குவியல் வரும். அப்படி ஆறு குவியல்கள் சேர்ந்தால் 5, 6, 7 அளவுள்ள ஒரு பெட்டி நிரம்பும். 210ஐ ஆறால் வகுத்தால் 35. இதை நிரூபணம் இல்லை என்று எப்படிச் சொல்வது? ‘சிரேடீ க்ஷேத்திரம்’ (தொடரைக் காட்டும் வடிவம்) எனப்படும் இந்தப் படங்களைப் பற்றிச் சரஸ்வதி அம்மா சென்னையில் இருந்தபோதே தனிக் கட்டுரை எழுதினார். ஒன்பதாம் வகுப்பில் கட்டத்தாளை வெட்டி இதைக் காட்டுவேன். சூத்திரத்தை மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டியதே இல்லை.

தாய்மொழி மலையாளம் என்பதும் அவருக்குக் கைகொடுத்தது. பதினாறாம் நூற்றாண்டின் ‘யுக்திபாஷா’ மலையாளத்தில் எழுதப்பட்டது. விதிகளுக்கான காரணங்களைச் சொல்வதற்கென்றே எழுந்த நூல்.

திருச்சூர், எர்ணாகுளம், ராஞ்சி என்று கல்லூரிகளில் பாடம் நடத்தினார். தன்பாத்தில் ஒரு மகளிர் கல்லூரிக்கு முதல்வராக இருந்த காலத்தில்தான், 1979இல், பண்டைய, இடைக்கால இந்திய வடிவியல் பற்றிய அவருடைய ஆங்கில நூல் வெளிவந்தது. வயது அறுபது ஆகியிருந்தது. வேள்விப் பீடங்களை அளந்து கட்டும் முறை சொல்லும் பழைய சுல்ப சூத்திரங்களில் தொடங்கி, சமண நூல்கள் வழியாகக் கேரளக் கணிதம் வரை போகிறது. அவர் பெரும்பாலும் வேலை பார்த்தது கல்லூரிகளில்தான், பெரிய ஆய்வு நிறுவனத்தில் அல்ல. பெயர் பரவாததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். 2000இல் காலமானார்.

ராஞ்சியில் இவரிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்தவர் ஆர்.சி. குப்தா. ‘கணித பாரதி’ இதழைத் தொடங்கியவர். கணித வரலாற்றுக்கான கென்னத் மே பரிசை 2009இல் பெற்றவர். அவருடைய கட்டுரைகளையும் தேடிப் படியுங்கள். சரஸ்வதி அம்மாவின் நூலைக் கையில் எடுத்தால் தொடர்களைப் படமாக்கும் பகுதியிலிருந்து தொடங்கலாம்; பள்ளிக் கணக்கு தெரிந்தாலே பின்தொடர முடியும்.