அடுப்பு வாங்குமுன் பாத்திர அலமாரியைத் திறந்து பாருங்கள்

கேள்வி: திருச்சியில் புது வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். சுவர் எழும்பிவிட்டது, பூச்சு வேலை இனிமேல்தான். வீட்டில் ஐந்து பேர். இதுவரை மூன்று பர்னர் கேஸ் ஸ்டவ்தான். மாடுலர் கிச்சன் செய்பவர், கிரானைட்டை வெட்டிப் பதிக்கிற நான்கு பர்னர் கண்ணாடி ஹாப்தான் எடுப்பாக இருக்கும் என்கிறார். கல்லூரியில் படிக்கும் மகன், கேஸே வேண்டாம், முழுக்க இண்டக்‌ஷனுக்குப் போய்விடலாம் என்கிறான். மாமியாருக்கு ஈயச்சொம்பு ரசமும் மண்சட்டி மீன்குழம்பும் இல்லாமல் ஆகாது. கடையில் இன்ஃப்ராரெட் என்று வேறொன்றையும் காட்டினார்கள். எதை வாங்குவது?

பதில்: ஆளுக்கொரு யோசனை சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் யாராவது உங்கள் வீட்டுப் பாத்திரங்களைப் பார்த்தார்களா என்று தெரியவில்லை. அடுப்பின் விலையையும் அழகையும் பேசுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றை எடுத்து, தினமும் அடுப்பில் ஏறுகிற ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் வைத்துப் பாருங்கள். கெட்டியாக ஒட்டினால் இண்டக்‌ஷனில் வேலை செய்யும். ஒட்டாவிட்டால் செய்யாது.

பலருக்கும் இங்கே ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். அலுமினிய இட்லிப் பானை, பித்தளை உருளி, ஈயச்சொம்பு, மண்சட்டி ஒட்டாது என்பது எதிர்பார்த்ததுதான். ஆனால் நல்ல கனமான எவர்சில்வர் பாத்திரங்களே பல ஒட்டாது. 304 ரக எவர்சில்வர் காந்தத்துக்கு மசியாது, 430 ரகம் ஒட்டும். அடியில் செம்பு பூசிய பாத்திரங்களும் பெரும்பாலும் தேறாது. அலுமினிய குக்கர்களில் அடியில் இரும்புத் தகடு பதித்து விற்கிறவை மட்டும் தப்பிக்கும். உங்கள் வீட்டில் பாதிக்கு மேல் ஒட்டவில்லை என்றால், மகன் சொல்லும் வழியில் அடுப்பின் விலையோடு புதுப் பாத்திரங்களின் விலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி அந்த நான்கு பர்னர் ஹாப். பெயர் புதிது என்பதைத் தவிர, எரிகிற விதத்தில் அதுவும் கேஸ் அடுப்புதான். சிலிண்டர் அதே, சுடர் அதே. அது மேடைக்குள் இறங்கி உட்காருவதால்தான் சில விஷயங்கள் மாறுகின்றன.

முதலில் உயரம். சாதாரண ஸ்டவ் மேடைக்கு மேல் கிட்டத்தட்ட அரையடி எழும்பி நிற்கும், ஹாப் இரண்டு அங்குலம் அளவுக்குத்தான் எழும்பும். அதனால் ஹாப் வைப்பதாக இருந்தால் மேடையை வழக்கத்தைவிட ஓரிரு அங்குலம் உயர்த்திக் கட்டலாம். ஸ்டவ் வைப்பதாக இருந்தால், ஸ்டவ் உட்காரும் பகுதியை மட்டும் தாழ்த்திக் கட்டச் சொல்ல வேண்டும். குள்ளமான ஒருவர் பெரிய குக்கருக்குள் எட்டிப் பார்த்துக் கிளறுகிற வீட்டில் இந்த மூன்று நான்கு அங்குலம் தோள்வலியைத் தீர்மானிக்கும். கொத்தனார் கிரானைட் போட்ட பிறகு இதைச் சரிசெய்ய வழியில்லை.

அடுத்தது அகலம். 60 சென்டிமீட்டர் அகலத்தில் நான்கு பர்னர் என்பது படத்தில்தான் நன்றாக இருக்கும். பின்னால் இட்லிப் பானையும் முன்னால் தோசைக்கல்லும் வைத்தால் மற்ற இரண்டு பர்னரும் வெறுமனே கிடக்கும். எனக்கு 75 அல்லது 80 சென்டிமீட்டர் அகலத்தில் மூன்று பர்னர் ஹாப்தான் நம் சமையலுக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஒன்று சுமார் 3 கிலோவாட்டுக்கு மேலான பெரிய பர்னர், ஒன்று நடுத்தரம், ஒன்று காபிக்கும் தாளிப்புக்கும் சின்னது. நான்கு பர்னர்தான் வேண்டும் என்றால் 90 சென்டிமீட்டருக்குக் குறையாமல் பாருங்கள்.

கண்ணாடியைப் பற்றி எல்லாரும் பயப்படுகிறார்கள், ஓரளவு நியாயமான பயம்தான். கேஸ் ஹாப்பின் மேல் இருப்பது டஃபன்டு கண்ணாடி, அதாவது சூடாக்கிக் குளிரவைத்து உறுதியேற்றிய கண்ணாடி. 8 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் தினசரிப் புழக்கத்துக்குப் போதும். அது உடைவதற்குப் பெரும்பாலும் பாத்திரம் விழுவது காரணமாக இருப்பதில்லை. ஓரத்தில் பட்ட சின்ன அடி, அல்லது வெப்பம். பர்னரைவிட மிகப் பெரிய தட்டையான தோசைக்கல்லை வைத்து அரைமணி நேரம் தொடர்ந்து வார்த்தால் சூடு மேலே போக வழியில்லாமல் கல்லுக்கடியில் கண்ணாடிமீது திரும்பும். அந்தச் சூட்டில் ஈரத்துணியால் துடைத்தால் விரிசல் விடலாம். பாத்திரம் தாங்கிக் கம்பிகள் உயரமாகவும் கனமான வார்ப்பிரும்பிலும் இருக்கிற மாடலைத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சிக்கல் பாதி குறையும். எவர்சில்வர் மேற்பரப்புள்ள ஹாப்பும் கிடைக்கிறது. கீறல் விழும், பளபளப்பு போகும், ஆனால் உடையாது. ஐந்து பேருக்குச் சமைக்கிற வீட்டுக்கு நான் அதையே சொல்வேன். உங்கள் கிச்சன்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

ஹாப்பில் உண்மையிலேயே காசு கொடுத்து வாங்க வேண்டிய வசதி ஒன்று உண்டு. சுடர் அணைந்தால் கேஸைத் தானாக நிறுத்துகிற பாதுகாப்பு அமைப்பு. பர்னரின் பக்கத்தில் சின்ன ஊசிபோல ஓர் உலோகமுனை நிற்கும். சுடரின் சூட்டில் அதில் உண்டாகிற மிகச்சிறு மின்னோட்டம்தான் வால்வைத் திறந்தே வைத்திருக்கும். பால் பொங்கியோ காற்றடித்தோ சுடர் அணைந்தால் முனை ஆறி, வால்வு மூடிக்கொள்ளும். எல்லா ஹாப்பிலும் இது இருப்பதில்லை, கேட்டு வாங்க வேண்டும். இது இருக்கிற அடுப்பில் பற்றவைத்த பிறகும் சில நொடிகள் குமிழை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். மாமியாருக்கு முதலிலேயே சொல்லிக் காட்டுங்கள், இல்லையென்றால் அடுப்பு பழுது என்று முடிவுகட்டிவிடுவார். கூடவே ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டு கேஸ் அடுப்புகளுக்கான தரக்குறியீடு ஐஎஸ் 4246.

ஹாப்பின் குறை என்ன? சாம்பார் பொங்கி பர்னருக்குள் இறங்கிவிட்டால், ஸ்டவ்வைப் போலத் தூக்கிக் கவிழ்த்துக் கழுவ முடியாது. சர்வீஸ் ஆள் வரவேண்டும். ஊரில் அந்த கம்பெனிக்கு ஆள் இருக்கிறாரா என்று விசாரிக்காமல் வாங்காதீர்கள். கிரானைட்டில் வெட்டுகிற பள்ளமும் மாடலுக்கு மாடல் மாறும். பத்து ஆண்டு கழித்து வேறு ஹாப் வாங்கும்போது பழைய பள்ளம் பொருந்தாமல் போவது சாதாரணமாக நடக்கிறது.

இனி மகனின் கட்சி. இண்டக்‌ஷனில் சுடரும் இல்லை, சூடான தகடும் இல்லை. கண்ணாடிக்கடியில் இருக்கிற செம்புச் சுருளில் நொடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் திசைமாறுகிற மின்சாரம் ஓடுகிறது. அதனால் உண்டாகும் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியிலேயே மின்சாரத்தைத் தூண்டி, பாத்திரத்தையே சூடாக்குகிறது. கொடுத்த மின்சாரத்தில் சுமார் 85 சதவீதம் சமையலுக்குப் போய்ச்சேரும். கேஸில் அது 60 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கும். மிச்சம் பாத்திரத்தின் ஓரமாக ஏறி உங்கள் முகத்தில் அடிக்கிறது. 2000 வாட்டில் வைத்தால் ஒரு லிட்டர் தண்ணீர் மூன்று நிமிடத்தில் கொதித்துவிடும். திருச்சி வெயிலில், ஃபேனைப் போட்டுக்கொண்டு சமைக்க முடிவது சின்ன விஷயம் இல்லை. கேஸில் ஃபேன் போட்டால் சுடர் ஆடும்.

ஆனால் தோசை. இரும்புத் தோசைக்கல் காந்தத்தில் நன்றாக ஒட்டும், ஆகவே வேலை செய்யும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். வேலை செய்யும், ஒரு வட்டத்துக்கு மட்டும். சாதாரண இண்டக்‌ஷன் அடுப்பின் சுருள் 18 முதல் 20 சென்டிமீட்டர் விட்டம்தான். உங்கள் கல் 28 அல்லது 30 இருக்கும். நடுவில் தோசை கருகும்போது ஓரம் வெள்ளையாகவே இருக்கும். கல்லை மிதமான சூட்டில் சற்று நேரம் காயவிட்டு வார்த்தால் கொஞ்சம் சமாளிக்கலாம், வரிசையாக இருபது தோசைக்கு அது தாங்காது. குழிந்த அடியுள்ள வாணலி, பணியாரக்கல் இவையும் சரிப்படாது. சுட்ட கத்தரிக்காய், சுட்ட அப்பளம், சுக்கா ரொட்டி எல்லாம் சுடரோடு போய்விடும். விலை குறைந்த மாடல்களில் இன்னொரு தொல்லை: சிம்மில் வைத்தால் உண்மையில் மெதுவாக எரியாது. முழு வேகத்தில் சில நொடி, பிறகு நிறுத்தம், மறுபடி முழு வேகம். பாயசமும் பால்கோவாவும் அடிப்பிடிப்பது இதனால்தான். வாங்கும்போது கடையில் கொஞ்சம் தண்ணீர் வைத்து, மிகக் குறைந்த அளவில் ஓடவிட்டுப் பாருங்கள். விட்டுவிட்டுக் கொதித்தால் அந்த மாடல் வேண்டாம். வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால் ஓடுகிற அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நிற்க வேண்டும், மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளவும்.

இன்ஃப்ராரெட் அடுப்பை இரண்டு வரியில் முடித்துவிடலாம். கண்ணாடிக்கடியில் மின்கம்பி சிவந்து எரிகிறது, அந்தச் சூடு மேலே வருகிறது. எந்த உலோகப் பாத்திரமும் வைக்கலாம், அடி தட்டையாக இருந்தால் போதும். சூடேறவும் நேரமாகும், ஆறவும் நேரமாகும். அணைத்த பிறகும் கண்ணாடி கைசுடும் என்பதால் சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். ஈயச்சொம்பை இதில் வைக்கவே கூடாது. சொம்பு செய்கிற வெள்ளீயம் (டின்) 232 டிகிரி செல்சியஸில் உருகும், இந்தக் கண்ணாடி அதைவிட வெகு அதிகமாகச் சூடேறும். கேஸில்கூட ரசம் உள்ளே இருக்கும்போது சிம்மில் வைப்பதால்தான் சொம்பு தப்பிக்கிறது. வாடகை வீட்டில், விடுதியில் இருப்பவர்களுக்கு இது உதவும். உங்களுக்குத் தேவையில்லை.

செலவுக் கணக்குக்கு வருவோம். 14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் வெப்பம் ஏறத்தாழ 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். இரண்டு அடுப்பிலும் வீணாவதைக் கழித்துப் பார்த்தால், ஒரு சிலிண்டர் செய்கிற சமையலை இண்டக்‌ஷன் 125 முதல் 145 யூனிட்டில் செய்துவிடும். சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், யூனிட் 6 ரூபாய்க்குக் கீழே கிடைக்கும்வரை இண்டக்‌ஷன் லாபம், 7 ரூபாய்க்கு மேலே போனால் கேஸ் லாபம். இதில் எல்லாரும் தவறவிடுவது மின்கட்டண ஸ்லாபை, அதாவது யூனிட் கூடக்கூட விலை ஏறுகிற படிகளை. கூடுதலாகச் செலவாகும் யூனிட் எல்லாம் உங்கள் பில்லின் உச்சியில்தான் போய் உட்காரும், சராசரி விலையில் அல்ல. மாதம் ஒரு சிலிண்டர் தீர்கிற வீடு முழுக்க மாறினால் இரண்டு மாத பில்லில் 250 யூனிட்டுக்கு மேல் கூடும். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கான மலிவு விலையும் போய்விடும். ஏசி ஓடுகிற வீடென்றால் கோடையில் இது பெரிய தொகை. ஆகவே பழைய பில்களை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். கூரையில் சோலார் வைக்கும் எண்ணம் இருந்தால் கணக்கே வேறு, அப்போது மகன் சொல்வது சரி.

என் தீர்ப்பு: 75 அல்லது 80 சென்டிமீட்டர், மூன்று பர்னர், சுடர்ப் பாதுகாப்புள்ள கேஸ் ஹாப். அதன் பக்கத்தில் தனியாக எடுத்து வைக்கிற ஒற்றை இண்டக்‌ஷன் ஒன்று. சாதம், பருப்பு, பால், வெந்நீர் இதில். தோசை, தாளிப்பு, ஈயச்சொம்பு, மண்சட்டி எல்லாம் கேஸில். சிலிண்டர் தீர்ந்த இரவிலும் கரண்ட் போன காலையிலும் ஒன்று கைகொடுக்கும். ஹாப்புக்குப் பட்ஜெட் இடிக்கிறது என்றால், தாழ்த்திக் கட்டிய மேடையில் உங்கள் பழைய ஸ்டவ்வே போதும். சமையல் ருசியில் ஒரு வித்தியாசமும் வராது.

பூச்சு வேலைக்கு முன்னால் எலக்ட்ரீஷியனிடம் பேச வேண்டியது இது. இண்டக்‌ஷனுக்கென்று மேடைக்கு மேல் 16 ஆம்பியர் பாயின்ட், போர்டிலிருந்து நேராக 4 சதுர மில்லிமீட்டர் வயர், தனி எம்சிபி (லோடு மிஞ்சினால் தானாக விழுகிற சுவிட்ச்). அதை மிக்ஸியும் கிரைண்டரும் பகிர்ந்துகொள்ளக் கூடாது. பின்னாளில் பதிக்கிற இண்டக்‌ஷன் ஹாப் வாங்கினால் நான்கு சுருள் மாடல் ஏழு கிலோவாட் வரை இழுக்கும். அதற்கு ஹாப் வரும் இடத்துக்கு இப்போதே ஒரு காலிக் குழாயைச் சுவருக்குள் புதைத்து வைத்தால் வயரை அப்போது இழுத்துக்கொள்ளலாம். எர்த்திங்கும், மின்கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் கட்டாயம். மின் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

கிச்சன்காரரிடம் சொல்ல வேண்டியது சிலிண்டரைப் பற்றி. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். சிலிண்டரை மேடைக்கடியில் கதவு போட்டு மூடுவதாக இருந்தால், அந்தக் கதவின் அடியில் தரைமட்டத்தில் காற்றுத் துளைகள் வேண்டும். முடிந்தால் சிலிண்டரை வீட்டுக்கு வெளியே வைத்து, கேஸ் ஏஜென்சி மூலம் குழாய் இழுப்பது நல்லது. ரப்பர் ட்யூபை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஹாப்புக்குப் பின்னால் மறைந்திருக்கும் ட்யூபை யாரும் கவனிப்பதில்லை என்பதால், கையை விட்டு எட்டுகிற அளவுக்கு அங்கே ஒரு திறப்பு வைக்கச் சொல்லுங்கள்.