கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து எத்தனை மணித்தியாலம்? கேட்டவர்களுக்குப் பதில்

கொழும்பு வெள்ளவத்தையில் 18 வருடமாக விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். தூரம், நேரம் பற்றிக் கேட்கச் சொன்னேன், நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள்.

லண்டனுக்கு நேரடி விமானத்தில் ஆறரை மணித்தியாலம்தானே? பகல் ஒரு மணிக்குக் கிளம்பி இரவு ஏழரைக்கு இறங்குகிறதே.
இல்லை. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். கோடையில் லண்டன் நமக்கு நாலரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் ஐந்தரை. உங்கள் கணக்கோடு அந்த நாலரையைக் கூட்டுங்கள், 11 வரும். தூரம் சுமார் 8,700 கிலோமீற்றர்.

ரொறன்ரோவுக்கு ஏன் டுபாய் சுற்றிப் போகவேண்டும்? ஜப்பான் வழியாகப் போனால் கிட்டத்தானே?
நேரடி விமானம் இல்லை, எங்கேயாவது மாறித்தான் ஆகவேண்டும். நேர்தூரம் சுமார் 14,000 கிலோமீற்றர். டுபாய் வழியாகப் போனால் ஏறக்குறைய 14,400, லண்டன் வழியாகவும் அதே அளவுதான். டுபாய்க்கு நாலரை மணித்தியாலம், அங்கிருந்து 14. ஜப்பான் வழியென்றால் 17,000 தாண்டும்.

மெல்பேர்ண்?
8,350 கிலோமீற்றர். பத்தரை மணித்தியாலத்தை ஒட்டி.

வரைபடத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன், ரொறன்ரோ கிழக்கே பசுபிக் பக்கமாகத்தான் கிட்ட. கணக்கு எங்கேயோ பிழைக்கிறது.
கணக்கு பிழைக்கவில்லை, வரைபடம் தட்டையாக இருப்பதுதான் சிக்கல். ஒரு தோடம்பழத்தை எடுத்து இரண்டு இடத்தில் புள்ளி வைத்து நூலை இழுத்துப் பிடியுங்கள். கொழும்பு கிழக்கு நெடுங்கோடு 80 பாகையில், ரொறன்ரோ மேற்கு நெடுங்கோடு 80 பாகையில், ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கம், நூல் இந்தியா, மத்திய ஆசியா கடந்து வடதுருவப் பக்கம் அகலக்கோடு 70 பாகைக்கு மேல் ஏறி கிரீன்லாந்து வழியாகக் கனடாவுக்குள் இறங்கும், அதனால் டுபாயோ லண்டனோ பெரிய சுற்று இல்லை.

அப்படியென்றால் போகும் நேரமும் வரும் நேரமும் ஏன் ஒன்றில்லை?
நல்ல கேள்வி. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமான காற்றோட்டம் இருக்கிறது, குளிர்காலத்தில் இன்னும் பலமாக. லண்டன் போகும்போது அது எதிர்க்காற்று, வரும்போது பின்னால் தள்ளும், அதனால் திரும்புகிற பயணம் அரை மணித்தியாலமோ அதற்கு மேலோ குறையும். தூரம் அதேதான். கிலோமீற்றரை வேகத்தால் வகுத்து நேரம் பார்க்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

லண்டன் ஆறரை மணித்தியாலமா?
முதல் பதிலைப் பாருங்கள். ஊர் நேரம், ஊர் நேரம்.

அம்மா தனியாக ரொறன்ரோ போகிறா. மாறுவதற்கு 55 நிமிடம் உள்ள டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது, எடுக்கலாமா?
எடுக்காதீர்கள் தங்கச்சி. என் அம்மாவை அப்படி ஒரு டிக்கெட்டில் அனுப்பினேன். முதல் விமானம் 40 நிமிடம் பிந்தியது, அடுத்தது போய்விட்டது, மறுநாள் வரை அந்த விமான நிலையத்திலேயே இருந்தா, போன் சார்ஜும் இல்லை. வயதானவர்களுக்குக் குறைந்தது 3 மணித்தியாலம் விடுங்கள், இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும், சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள்.

விசா எத்தனை நாளில் வரும்?
அது என் துறை இல்லை, தூதரகத்தில் கேளுங்கள்.