அண்ணனுக்கு ஏ, எனக்கு ஓ: ஸ்டெம் செல் கொடுக்கலாமா?

கேள்வி: ரத்தப் புற்றுநோய்க்காக என் அண்ணனுக்கு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை செய்ய இருக்கிறார்கள். பரிசோதனையில் நான் முழுமையாகப் பொருந்துகிறேன். ஆனால் அவருக்கு ஏ பாசிட்டிவ், எனக்கு ஓ பாசிட்டிவ். நான் கொடுக்கலாமா? கொடுத்தால் அவருடைய ரத்த வகை மாறிவிடுமாமே? இனி அவருக்குப் பிறக்கும் குழந்தைக்கு என் வகை வருமா?

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். ஸ்டெம் செல்லுக்கு முதலில் பார்ப்பது எச்.எல்.ஏ. பொருத்தத்தை. தன் செல் எது, அந்நிய செல் எது என்று உடல் அறிய உதவும் அடையாளப் புரதங்கள்தான் எச்.எல்.ஏ. அதற்கான மரபணுக்கள் 6-ஆம் குரோமோசோமில் இருக்கின்றன. ஏ, பி, ஓ வகையைத் தீர்மானிக்கும் மரபணு 9-ஆம் குரோமோசோமில். அதனால் ஒன்று பொருந்தி இன்னொன்று பொருந்தாமல் போவது சகஜம். உடன்பிறந்தவர் எச்.எல்.ஏ.வில் முழுமையாகப் பொருந்துவதற்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்புதான் உண்டு. அது உங்களுக்கு அமைந்திருக்கிறது. ரத்த வகை வேறு என்பதற்காக அதை விட்டுவிட மாட்டோம்.

வகை மாறுவது உண்மைதான். சிவப்பணுக்கள் எலும்பு மஜ்ஜையிலுள்ள ஸ்டெம் செல்களிலிருந்து பிறக்கின்றன. உங்கள் செல்கள் அங்கே வேரூன்றியதும் புதிதாக வருபவை எல்லாம் ஓ வகையாகவே இருக்கும். ஆனால் ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். பழைய ஏ அணுக்கள் மெல்லத்தான் குறையும், இடையில் ஏற்றும் ரத்தமும் கலந்திருக்கும். அதனால் சில மாதங்களுக்குப் பரிசோதனையில் இரண்டு வகையும் கலந்து தெரியலாம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

நான் அதிகம் கவலைப்படுவது முதல் இரண்டு வாரங்களைப் பற்றித்தான். ஓ வகைக்காரரின் பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியில், ஏ அணுக்களுக்கு எதிரான ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) இருக்கும். தேவைப்பட்டால் அந்தப் பிளாஸ்மாவை முன்கூட்டியே குறைத்துவிடலாம். ஆனால் ஸ்டெம் செல்களோடு சேர்ந்து போகும் உங்கள் லிம்போசைட்டுகள் (ஒரு வகை வெள்ளணுக்கள்) அங்கே புதிதாக ஆன்டிபாடி தயாரித்து, மிச்சமிருக்கும் ஏ அணுக்களை உடைக்கலாம். எல்லாருக்கும் இப்படி நடப்பதில்லை. நடந்தால் ஹீமோகுளோபின் சட்டென்று இறங்கும், கண் மஞ்சளாகும், சிறுநீர் கருத்துப் போகும். இதில் எது தெரிந்தாலும், ராத்திரி என்றாலும் சரி, உடனே செவிலியரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. மாறுவது ரத்த அணுக்கள் மட்டும்தான். ரத்தக்குழாய்ச் சுவர் போன்ற திசுக்களில் ஏ அடையாளம் அப்படியே இருக்கும். அதனால் சிவப்பணு ஓ ஆன பிறகும், ஏ-வுக்கு எதிரான ஆன்டிபாடி அவர் ரத்தத்தில் பெரும்பாலும் தெரியாது. வழக்கமான ஓ வகைக்காரரைப் போல அவரைக் கருத முடியாது. மாற்று சிகிச்சைக்குப் பிறகு பொதுவாக ஓ சிவப்பணுவும், ஏ அல்லது ஏபி வகை பிளாஸ்மாவும் தட்டணுக்களும் ஏற்றுவோம். ஆகவே பழைய ரத்த வகை அட்டையை மட்டும் எங்கும் காட்டாதீர்கள். பழைய வகை, உங்கள் வகை, மாற்று செய்த தேதி மூன்றும் எழுதிய குறிப்பு அவர் பையில் எப்போதும் இருக்கட்டும். ஏற்றும் ரத்தம் கதிர்வீச்சு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதையும் அதில் எழுதி வாங்குங்கள்.

குழந்தைக்கு உங்கள் வகை வராது. விந்தணுவில் இருப்பது அண்ணனின் சொந்த மரபணுதான், அதை இந்த சிகிச்சை மாற்றாது. ஆனால் மாற்று சிகிச்சைக்கு முன் கொடுக்கும் கடுமையான மருந்துகள் குழந்தைப் பேற்றைப் பாதிக்கலாம். அவருக்குக் குழந்தை ஆசை இருந்தால், விந்தணுவை உறையவைத்துச் சேமிப்பது பற்றி அந்த மருந்துகள் தொடங்கும் முன்பே கேளுங்கள். கூச்சப்பட்டு அவர் கேட்காமல் இருந்துவிடலாம், நீங்களாவது கேளுங்கள்.