சோஜி லாவுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

கேள்வி: குடும்பத்தோடு காஷ்மீரும் லடாக்கும் போகிறோம். ஸ்ரீநகரிலிருந்து லேவுக்கு விமானம் இருக்க, சாலையில் இரண்டு நாளை ஏன் வீணாக்க வேண்டும் என்கிறார் என் கணவர். கூட வரும் மாமனார், மாமியாருக்கு 65 வயதுக்கு மேல். உங்கள் யோசனை?

பதில்: சாலையிலேயே போங்கள், சகோதரி. சுமார் 420 கிலோமீட்டர். சோனாமார்க் வரை ஊசியிலை மரங்களும் புல்வெளியும் கூடவே வரும். அப்புறம் 3,500 மீட்டர் உயரத்தில் சோஜி லா கணவாய். அதைத் தாண்டியதும் மரங்கள் விடைபெற்றுவிடும். பழுப்பும் சாம்பலுமாக மொட்டை மலைகள். ஈரக்காற்றை இமயத்தின் பெருந்தொடர் மறித்துவிடுவதால், லேயில் வருடம் முழுக்கப் பெய்வதே 100 மில்லிமீட்டர் அளவுதான். சென்னையில் அது ஓர் இரவு மழை.

கார்கிலில் ஓர் இரவு அவசியம் தங்குங்கள். 1999 போரால்தான் நமக்கு அந்தப் பெயர் தெரியும். எனக்கோ அங்கே காதில் விழுந்த பேச்சுதான் மனதில் நிற்கிறது. ஊரில் பெரும்பாலோர் ஷியா முஸ்லிம்கள். ஆனால் அவர்கள் பேசும் புரிக் மொழிக்கு உறவு காஷ்மீரி அல்ல. லே பௌத்தர்கள் பேசும் லடாக்கிதான். இரண்டும் திபெத்திய மொழிக் குடும்பம். அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் முல்பெக். சாலையோரப் பாறையில் செதுக்கிய மைத்ரேய புத்தர், நான்கு கைகளோடு நின்ற கோலத்தில் இருக்கிறார். அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

ஸ்ரீநகரில் பஷ்மினா சால்வை வாங்கினால் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்: அந்த ரோமம் லடாக்கின் சாங்தாங் மேட்டுநில ஆடுகளுடையது, நெசவு காஷ்மீருடையது. 1684இல் லடாக்கும் திபெத்தும் செய்த திங்மோஸ்காங் ஒப்பந்தத்திலேயே இந்த ஆட்டு ரோம வணிகம் இடம்பெற்றிருக்கிறது.

தேநீரை மறக்கவே முடியாது. ஸ்ரீநகரில் சமோவார் என்ற தேநீர்க் கொதிகலனிலிருந்து ஊற்றித் தந்த நூன் சாய் இளஞ்சிவப்பு. சோடா உப்பு போட்டு நெடுநேரம் காய்ச்சிப் பால் சேர்ப்பதால் வரும் நிறம். ஒரு வாய் குடித்ததும், உப்பு! நான்கு நாள் கழித்து லே பக்கத்தில் ஒரு வீட்டு அடுப்படியில், பாட்டி ஒருவர் நீண்ட மரக்குழாயில் தேயிலைச் சாறும் வெண்ணெயும் ஊற்றி, கோலால் மேலும் கீழும் குத்திக் கடைந்தார். குர்குர் என்று சத்தம். அதனாலேயே குர்குர் சா. அதிலும் உப்புதான். நாக்கு உடனே ஸ்ரீநகரை நினைத்துக்கொண்டது.

பெரியவர்களுக்கும் சாலைதான் நல்லது. ஸ்ரீநகர் 1,600 மீட்டர், கார்கில் 2,700, லே 3,500 என்று உடம்பு படிப்படியாகப் பழகும். நடுவே ஃபோட்டு லா கணவாய் மட்டும் 4,100 மீட்டர். அங்கே படம் எடுத்துவிட்டு உடனே இறங்கிவிடுங்கள். கிளம்பும் முன் இருவரையும் டாக்டரிடம் காட்டுங்கள். லேயில் முதல் இரண்டு நாள் எங்கும் அலையாமல் அறையிலேயே ஓய்வெடுக்கட்டும். பனிக்காலத்தில் சோஜி லா அடிக்கடி மூடிவிடும் என்பதால் ஜூன் முதல் செப்டம்பருக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.